வெயிலில் தோற்கும் பெரிய திரை

ட்ரோன் வாங்கியவுடன் ஒருவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை ஊருக்கு ஊர் மாறுவதில்லை. "போனை மாட்டி ஓட்டாதீங்க, ஒரு பெரிய டேப் வாங்கிடுங்க." விற்ற கடைக்காரர் சொல்வார். ஏற்கெனவே ஹெலிகேம் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர் சொல்வார். யூடியூபில் பெட்டி பிரித்துக் காட்டுகிறவர் சொல்வார். திரை பெரிதானால் படம் தெளிவாகத் தெரியும், தெளிவாகத் தெரிந்தால் பத்திரமாக ஓட்டலாம், பத்திரமாக ஓட்டினால் ஷாட்டும் நன்றாக வரும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கேட்கிறபோது மறுக்க ஒன்றுமில்லை என்றே தோன்றும். பத்தோ பதினொன்றோ அங்குலத்தில் ஒரு டேப்லெட், அதை ரிமோட்டில் நிறுத்த ஒரு தாங்கி, கழுத்தில் மாட்ட ஒரு பட்டை என்று வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

இந்த அறிவுரை தவறு. நம் வெயிலில், நம் ஆட்கள் ஓட்டும் வகை ட்ரோன்களுக்கு, பெரிய டேப்லெட் படத்தைத் தெளிவாகக் காட்டுவதில்லை, ஓட்டுவதைப் பத்திரமாக்குவதில்லை, ஷாட்டைக் கெடுக்கவும் செய்கிறது. வேண்டியது கைக்கடக்கமான, பளிச்சென்று எரியும், சூட்டைத் தாங்கும் ஒரு போன். அதுவும் பறப்பதற்கென்றே ஒதுக்கி வைத்த போன்.

நான் பேசுவது பெரிய சினிமா யூனிட்டுகளைப் பற்றியல்ல. கல்யாணம், கும்பாபிஷேகம், காதுகுத்து, கடைத் திறப்பு என்று ஆர்டர் எடுக்கும் சிற்றூர் வீடியோக்காரர்களைப் பற்றி. அவர்கள் கையில் நான் அதிகம் பார்ப்பது டிஜேஐ மினி 2, ஏர் 2எஸ், பழைய மாவிக் போன்றவை. ரிமோட்டில் திரை கிடையாது. போனை மாட்டித்தான் ஓட்டவேண்டும். முழுதாகச் செய்து முடித்த வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் இந்திய அரசு தடை விதித்திருப்பதால், கையில் இருப்பதைப் பேணி ஓட்டுவதே பலருக்கு வழி. எந்தத் திரையை மாட்டுவது என்பது இவர்களுக்குத் தொழில் சார்ந்த கேள்வி.

வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. திரையின் பளிச்சை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். வழக்கமான ஐபேடும் ஐபேட் மினியும் 500 நிட். விலை மலிந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பெரும்பாலும் 400 நிட்டுக்குள் நின்றுவிடும். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் இது கண்ணைப் பறிக்கும். கடைக்கு வெளியே உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அந்த வெயில் நேரே விழும் ஒரு வெள்ளைச் சட்டையின் பளிச்சு சுமார் 25,000 நிட். மேல்பூச்சு ஏதும் இல்லாத சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழுவதில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அடிக்கும். அதாவது, சூரியனை எதிரே வைத்து நிற்கும் ஓட்டுநர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால், திரையில் அவர் சட்டையே 1,000 நிட் பளிச்சோடு தெரியும். அதற்குப் பின்னால் 500 நிட்டில் கல்யாண ஊர்வலம் ஓடிக்கொண்டிருக்கும். சட்டை ஜெயிக்கும், ஊர்வலம் தோற்கும். திரை ஆறு அங்குலமா பதினோரு அங்குலமா என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கண்ணாடி பெரிதானால் அதில் விழும் வானமும் சட்டையும் முகமும்தான் பெரிதாகும்.

நம் ஊர் முகூர்த்தத்தில் வீடியோக்காரர்கூட வெள்ளைச் சட்டையில்தான் நிற்பார். விசேஷ வீட்டுக்குக் கறுப்பில் போனால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற கவலை நியாயமானதே. கரும்பச்சையோ கருநீலமோ போடலாம். டேப்லெட்டுக்குக் கொட்டும் பணத்தை மிச்சப்படுத்தி, முதலில் சட்டை நிறத்தை மாற்றச் சொல்கிறேன் என்றால், அது விளையாட்டுப் பேச்சல்ல. மேலே சொன்ன கணக்கின் நேரடி முடிவு.

ஒரே கம்பெனியின் டேப்லெட்டுகளுக்குள்ளேயே கண்ணாடி ஒன்றுபோல் இருப்பதில்லை. ஐபேட் மினியின் திரையில் கண்ணாடியும் ஒளிப்பலகையும் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கும், எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் உண்டு, 100-க்கு 1.8 பங்குதான் திருப்பி அடிக்கும். அதைவிடப் பெரிதாகவும் மலிவாகவும் இருக்கும் சாதாரண ஐபேடில் இந்த இரண்டும் இல்லை. "அதே 500 நிட், திரை பெரிசு, விலை கம்மி" என்று பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் இந்தச் சாதாரண ஐபேட்தான். வெயிலில் நிற்பவருக்கு எது முக்கியமோ அதை விட்டுவிட்டு, அங்குலத்தை மட்டும் எண்ணி வாங்கச் சொல்கிறார்கள்.

போன்களின் கதை வேறு. ஐபோன் 13 சாதாரணமாகவே 800 நிட் எரியும். ஐபோன் 15 வரிசையில் வெயிலில் உச்சமாக 2,000 நிட் வரை போகும். ஆண்ட்ராய்டிலும் நல்ல ஓலெட் திரை உள்ள நடுத்தரப் போன்கள் வெயிலில் 1,000 நிட்டைத் தொடுகின்றன. இந்த உச்சம் தொடர்ந்து நிற்காது, சூடேறினால் இறங்கும். அதையும் கழித்துப் பார்த்தாலும் டேப்லெட்டைவிடப் போன் மேலே நிற்கிறது.

இங்கே இன்னொரு தப்பான அறிவுரையும் கூடவே வரும். "ஆட்டோ பிரைட்னஸை ஆஃப் பண்ணிட்டு, ஃபுல்லா இழுத்து வெச்சிருங்க" என்பார்கள். பழைய போன்களுக்கு அது சரி. இப்போதைய பல ஓலெட் போன்களில், வெயிலுக்கென்று ஒதுக்கிய அந்தக் கூடுதல் பளிச்சு தானியங்கி முறையில் இருந்தால்தான் வரும். கையால் கடைசிவரை இழுத்து வைத்தால் அதற்குக் கீழேயே நின்றுவிடும். சோதிப்பது எளிது: வெயிலில் நின்று ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் வைத்துப் பார்த்தால் போதும். கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் கூடவே அதையும் சோதிக்கவேண்டும். போலராய்டு கண்ணாடியோடு பார்த்தால் சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துப்போகும். படுக்கையாக வைத்தால் கறுப்பு, நிமிர்த்தினால் சரி என்று இருக்கும். ட்ரோனை நாம் படுக்கை வாட்டில்தான் பார்த்து ஓட்டுகிறோம்.

மங்கலான திரை என்பது பார்க்கச் சிரமம் என்ற அளவில் முடிவதில்லை, ஷாட்டையே கெடுக்கும். திரையில் படம் இருட்டாகத் தெரிவதால் ஓட்டுநர் எக்ஸ்போஷரை ஏற்றுகிறார். ஒரு படி, இன்னொரு படி. சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெறும் வெள்ளைத் திட்டு, பெண்ணின் நகை ஒரே ஒளிக்கறை. வெளுத்துப்போன இடத்தில் எந்த எடிட்டரும் எதையும் மீட்க முடியாது. பெரிய திரை இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பவர்கள் யோசிக்கவேண்டும்: பெரிய மங்கல் திரையும் இதே பொய்யைத்தான் சொல்லும், கொஞ்சம் பெரிதாகச் சொல்லும். எக்ஸ்போஷரைக் கண்ணால் மதிப்பிடாமல், ஆப்பில் இருக்கும் ஹிஸ்டோகிராமையும், வெளுத்த இடத்தில் வரிக்குதிரைக் கோடு போட்டுக் காட்டும் எச்சரிக்கையையும் இயக்கிவைத்து ஓட்டுவதே வழி. அவை எந்த அளவுத் திரையிலும் ஒன்றுபோலத் தெரியும்.

அடுத்து சூடு. ஆப்பிள் தன் ஐபோனையும் ஐபேடையும் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. வேலூரிலும் மதுரையிலும் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 தாண்டும். கல்யாண சீசன் அப்போதுதான். திரை முழுப் பளிச்சில் எரிகிறது, உள்ளே வீடியோ விரிந்துகொண்டே இருக்கிறது, கறுப்புக் கண்ணாடியில் வெயில் நேராக அடிக்கிறது. போதாததற்கு, மினி 2, ஏர் 2எஸ் ஆகியவற்றோடு வரும் ஆர்சி-என்1 ரிமோட் தன் 5,200 எம்ஏஎச் பேட்டரியிலிருந்து மாட்டிய கருவிக்குச் சார்ஜும் ஏற்றும். சார்ஜ் ஏறினால் இன்னும் சூடு. ஆப்பின் அமைப்பில் அதை நிறுத்திவிட்டு, முழுச் சார்ஜில் உள்ள போனோடு கிளம்புவது நல்லது.

போன வைகாசியில் ஒரு மண்டபத்து வாசலில் பார்த்தது இது. ஊர்வலம் தெருமுனை திரும்பிவிட்டது, நாதஸ்வரம் கேட்கிறது. கழுத்துப் பட்டையில் தொங்கும் பெரிய டேப்லெட்டின்மேல், கறுப்பு ரெக்சினில் மடித்த வெயில் மறைப்புக் கூண்டு. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார் ஒரு தம்பி. திடீரென்று தலையை வெளியே எடுத்து, "அண்ணே, ஸ்கிரீன் நின்னுபோச்சு, சூடாயிடுச்சுன்னு காட்டுது" என்றார். மேலே ட்ரோன் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு நேரமும் கூண்டுக்குள் இருந்ததால் வானத்தில் எந்தப் பக்கம் தேடுவது என்றும் தெரியவில்லை. ரிமோட்டில் இருக்கும் திரும்பி வரும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். சத்தம் வந்தது, பிறகு ட்ரோன் வந்தது. ஊர்வலம் ஹெலிகேமில் இல்லாமலே மண்டபத்துக்குள் போய்விட்டது.

அந்தக் கூண்டும் பெரிய திரை வாதத்தின் பிள்ளைதான். திரை வெயிலில் தெரியவில்லை என்றதும் கூண்டு வாங்கச் சொல்கிறார்கள். கூண்டு கண்ணாடியில் வெளிச்சம் விழுவதை ஓரளவு தடுக்கும், மறுக்கவில்லை. கூடவே காற்றோட்டத்தையும் தடுக்கும். அதைவிட மோசம், ஓட்டுகிறவரின் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சூட்டுக்குச் செய்யக்கூடியவை எளியவை: போன் உறையைக் கழற்றிவிடுவது, நிழலில் நின்று ஓட்டுவது, பறக்காத நேரத்தில் திரையை அணைத்துப் பையின் நிழலில் வைப்பது. ஐஸ் பெட்டியில் வைத்து எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே நீர் கோத்துப் போனே போய்விடும், அதைச் செய்யக்கூடாது.

"பெரிய திரையில் நுணுக்கம் தெரியும்" என்ற வாதத்துக்கு வருவோம். அவர்களுடைய வலுவான வாதம் இதுதான் என்பதால் இதைக் கணக்கோடு பார்க்கவேண்டும். மினி 2 மெமரி கார்டில் 4கே பதிவு செய்கிறது. ஆனால் பறக்கும்போது கீழே அனுப்பும் நேரலைப் படம் 720பி மட்டுமே, நொடிக்கு 30 படங்கள். மினி 3-இலும் அதே 720பி. நெட்டுக்கு 720 வரி. அதற்குமேல் ஒரு வரியும் வருவதில்லை. 6.7 அங்குலப் போனில் படத்தின் உயரம் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர். ஒரு வரிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 40 சென்டிமீட்டர் தூரத்தில் நல்ல கண் பிரித்தறியக்கூடிய அளவும் ஏறத்தாழ அதுவே. வருகிற நுணுக்கம் அத்தனையும் போனிலேயே தெரிந்துவிடுகிறது. பதினோரு அங்குலத்தில் அதே 720 வரி பெருத்துத் தெரியும், அவ்வளவுதான். டேப்லெட் திரை 2கேயாக இருந்தாலும் இல்லாத வரியை அது உண்டாக்காது.

ஏர் 2எஸ், மினி 3 ப்ரோ போன்றவை 1080பி அனுப்புகின்றன. அவற்றில் பெரிய திரைக்குக் கொஞ்சம் ஆதாயம் உண்டு, நிழலில் உட்கார்ந்து பார்த்தால். வெயிலில் எதிரொளிப்பு கறுப்பை எல்லாம் சாம்பலாக்கி விடுவதால் அந்த நுணுக்கம்தான் முதலில் காணாமல் போகும். போனின் 256 ஜிபி, 512 ஜிபி பற்றியும் சிலர் பெரிதாகப் பேசுகிறார்கள். பதிவு ட்ரோனில் இருக்கும் கார்டில் ஆகிறது. போனில் தங்குவது தரம் குறைந்த நகல்தான். அதற்காகப் பணம் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

இனி பத்திரம். எனக்கு இதில்தான் கோபமே வருகிறது. பெரிய திரை பாதுகாப்பு என்பவர்கள், திரையைப் பார்த்துத்தான் ட்ரோனை ஓட்டவேண்டும் என்று சொல்லாமல் சொல்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 107-ஆம் பகுதி விதிகள், ஓட்டுகிறவர் தன் கண்ணாலேயே ட்ரோனைப் பார்த்தபடி ஓட்டவேண்டும் என்று 2016 முதல் சொல்கின்றன. விதி இருக்கட்டும், காரணத்தைப் பாருங்கள். கல்யாண வீடியோவில் எல்லோரும் கேட்கும் ஷாட், பெண் மாப்பிள்ளை முகத்தருகே தொடங்கி, பின்னால் போய்க்கொண்டே மேலே ஏறி, மண்டபமும் ஊரும் விரிவது. கேமரா முன்னே பார்க்கிறது. ட்ரோன் பின்னே போகிறது. மினி 2-இல் முன்னும் பின்னும் உணரிகள் கிடையாது; அடியில் மட்டும்தான். பின்னால் நிற்கும் தென்னை மரம், செல்போன் கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பி, பந்தலுக்கு மேலே போகும் மின்கம்பி இவற்றில் எதுவும் திரையில் வராது. திரை பத்து அடி இருந்தாலும் வராது. நிமிர்ந்து பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும். கம்பி முன்னாலேயே இருந்தாலும் 720 வரிக்குள் அது ஒரு மங்கல் கோடாகக்கூடத் தேறாமல் போகலாம்.

திரையில் வருவது நடந்து முடிந்ததன் படம் என்பதையும் மறக்கக்கூடாது. மினி 2-இல் படம் வந்து சேர ஏறத்தாழ 200 மில்லிசெகண்டு ஆகும். சாதாரண முறையில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் ட்ரோன் அதற்குள் இரண்டு மீட்டர் நகர்ந்திருக்கும். மெதுவான சிப்பும் 3 ஜிபி ரேமும் உள்ள மலிவு டேப்லெட் வீடியோவை விரிக்கத் திணறினால் அந்த இடைவெளி இன்னும் கூடும்.

சிறிய ட்ரோன் நூறு மீட்டர் தள்ளிப் போனாலே வானத்தில் புள்ளி. பருந்து சுற்றும் ஊரில் எது பருந்து, எது ட்ரோன் என்பதே சந்தேகம். அந்தப் புள்ளியை ஒருமுறை தவறவிட்டுத் திரும்பக் கண்டுபிடிக்கப் பல நொடிகள் ஆகும். ஆகவே திரை என்பது பைக்கின் பக்கக் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும்: ஓரப்பார்வை, ஃபிரேம் சரியா என்று ஒரு கணம், மறுபடி கண் சாலைக்கு. அகலமான திரை கண்ணைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். வீட்டு டிவி மாதிரி அழகாகத் தெரிகிறது என்று பெருமையாகச் சொல்வதே அதன் ஆபத்தைச் சொல்கிறது.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆர்சி-என்1 ரிமோட் 390 கிராம். அதன் பிடி 180 மில்லிமீட்டர் நீளம், 86 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் கனம் வரையுள்ள போனுக்காகச் செய்தது. டேப்லெட்டை மாட்டவேண்டுமானால் யாரோ செய்த தாங்கியை வாங்கவேண்டும். பத்தாம் தலைமுறை ஐபேட் 477 கிராம். ரிமோட்டைவிடக் கனமான ஒன்றை ரிமோட்டின் தலைமேல் நிறுத்துகிறோம். அது முன்னால் சாயாமல் சுண்டுவிரலும் உள்ளங்கையும் முட்டுக் கொடுக்கவேண்டியிருக்கும். கட்டைவிரல்கள் ஸ்டிக்கை மயிரிழை மயிரிழையாக நகர்த்தவேண்டிய நேரத்தில் கை முழுவதும் பாரத்தோடு மல்லுக்கட்டுகிறது. வளைந்து சுற்றும் ஷாட்டில் நடுவே சின்னதாக ஒரு வெட்டு வருவதற்கு காற்றைக் குறை சொல்கிறோம். பல நேரம் அது கட்டைவிரலின் வெட்டு. கிம்பல் மேலும் கீழுமான ஆட்டத்தை விழுங்கிவிடும். ட்ரோனையே நாம் வெடுக்கென்று திருப்பினால் அது அப்படியே படத்தில் விழும். ஆர்சி-என்1-இன் ஆன்டெனாக்கள் போனைப் பிடிக்க மேலே இழுக்கும் அந்தப் பிடிக்குள்ளேயே இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில தாங்கிகளில் டேப்லெட்டின் உலோக முதுகு அவற்றுக்கு முன்னால் வந்து நிற்கும்.

இத்தனைக்கும் மேலே ஒரு சாட்சி இருக்கிறது. ட்ரோன் செய்கிறவர்கள், தாங்களே திரையோடு ரிமோட் செய்தபோது எந்த அளவைத் தேர்ந்தெடுத்தார்கள்? 2019-இல் வந்த டிஜேஐ ஸ்மார்ட் கன்ட்ரோலர் 5.5 அங்குலம், 1,000 நிட். 2021-இன் ஆர்சி ப்ரோ 5.5 அங்குலம், 1,000 நிட். 2022-இன் டிஜேஐ ஆர்சி 5.5 அங்குலம், 700 நிட். 2023-இன் ஆர்சி 2 மறுபடி 5.5 அங்குலம், 700 நிட். மீட்புப் பணிக்கும் ஆய்வுக்கும் ஓட்டும் மேட்ரிஸ் 30-க்கான ஆர்சி ப்ளஸ்கூட ஏழு அங்குலத்தில் நின்று, பளிச்சை 1,200 நிட்டுக்கு ஏற்றியது. ஆட்டெல் தன் ஸ்மார்ட் கன்ட்ரோலரை 7.9 அங்குலத்தில் செய்து 2,000 நிட் கொடுத்தது. எந்த அளவுத் திரையும் செய்யக்கூடிய நிலையில் இருந்தும் இவர்களில் யாரும் பத்து அங்குலத்துக்குப் போகவில்லை; பணத்தை வெளிச்சத்தில் போட்டார்கள். செலவு ஒரு காரணம் என்று சொல்லலாம். பல லட்சம் விலை போகும் மேட்ரிஸுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

"அப்படியானால் திரையுள்ள ரிமோட்டே வாங்கிவிடலாமே" என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வாங்க முடிந்தால், உங்கள் ட்ரோனோடு இணைந்தால், நல்லது. மினி 2-ஓடு டிஜேஐ ஆர்சி இணையாது என்பது தெரியாமலே அதை அறிவுரையாகச் சொல்பவர்களோடுதான் சண்டை.

போன் என்றதும் சட்டைப்பையில் இருக்கும் புதிய, விலை உயர்ந்த போனை மாட்டுவதும் தப்பு. விலை அதிகம் என்பதற்காக ஒரு போன் பறப்பதற்கு உகந்ததாகிவிடாது. அந்தப் போனில்தான் பெண்ணின் சித்தப்பா கூப்பிடுவார், "தம்பி எங்க இருக்கீங்க, பூரணகும்பம் எடுக்கணும்" என்று. சரியாக ட்ரோன் கோபுரக் கலசத்தின் பக்கம் இருக்கும்போது கூப்பிடுவார். படத்தின்மேல் அழைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் இன்னொன்றும் உண்டு. டிஜேஐ ஃப்ளை ஆப் கூகுள் ப்ளே ஸ்டோரில் இல்லை. கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி, வெளி ஆப்களை ஏற்கும் அனுமதியைத் திறந்து நிறுவவேண்டும். வங்கிக் கணக்கும் ஜிபேயும் இருக்கும் போனில் அந்தக் கதவைத் திறப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே தனிப் போன். இரண்டு மூன்று வருடம் முன்பு நல்ல பெயரோடு வந்து, இப்போது கைமாறிய விலைக்குக் கிடைக்கும் ஒன்று போதும். சிம் வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதுகைத் தடவிப் பார்த்து வாங்கவேண்டும். தளர்ந்திருந்தால் புது பேட்டரி போட்டுக்கொள்வதும் பெரிய செலவல்ல. முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் மறுநாள் போகும் ஊரின் வரைபடத்தை ஆப்பில் திறந்து இறக்கிக்கொண்டு, அப்டேட் ஏதாவது இருந்தால் அப்போதே முடித்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு வைத்தால் மறுநாள் காலை அது வேறெதையும் கேட்காது.

தனிப் போனுக்கு டேப்லெட்டைவிட இன்னொரு சௌகரியம், ஜிபிஎஸ் அதற்குள்ளேயே இருக்கும். சிம் வசதியே இல்லாத, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. மலிவு என்று அதையே வாங்கச் சொல்கிறார்கள். ட்ரோனுக்குத் தன் ஜிபிஎஸ் தனியாக உண்டு, எனவே பறப்பதும் திரும்பி வருவதும் நிற்காது. ஆனால் வரைபடத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது சரியாக விழாது. படகில் நின்று எடுக்கும்போது நீங்கள் இருக்கும் இடத்துக்கே திரும்பும் புள்ளியை மாற்ற முயன்றால் அப்போதுதான் இதன் அருமை தெரியும்.

எதிர்வாதங்களில் ஒன்று உண்மையானது, அதை ஒதுக்கமாட்டேன். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து. போனில் உயரமும் தூரமும் பேட்டரி அளவும் காட்டும் பொடி எண்கள் அவர்களுக்குத் தெரிவதில்லை. அனுபவசாலிகளான பல வீடியோக்காரர்கள் இந்த வயதில்தான் இருக்கிறார்கள். தூரத்தில் ட்ரோனையும் கிட்டத்தில் திரையையும் மாறி மாறிப் பார்க்க, மேலே தூரப் பார்வையும் கீழே கிட்டப் பார்வையும் உள்ள கண்ணாடி போட்டுக்கொள்வதே முதல் தீர்வு. டேப்லெட் டேப்லெட்டாகத்தான் வேண்டும் என்றால் 293 கிராம் எடையும் 8.3 அங்குலமும் உள்ள ஐபேட் மினி அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். தாங்கியும் கழுத்துப் பட்டையும் சேர்த்து. அதற்குமேல் போகவேண்டாம். வயலையோ மனையையோ கட்டம் கட்டமாகத் தானே பறந்து அளக்கும் வேலைக்குப் பெரிய வரைபடம் உதவும், அங்கே ஸ்டிக்கில் விரல் இருப்பதே குறைவு. பக்கத்தில் நிற்கும் டைரக்டருக்கோ பெண் வீட்டாருக்கோ காட்டவேண்டுமென்றால் அது அவர்களுக்கான திரை. தரையிறக்கிய பிறகு, நிழலில் உட்கார்ந்து, கார்டைப் போட்டுக் காட்டலாம்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நின்று முடிவெடுக்கக்கூடாது. மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குப் போங்கள். வெள்ளைச் சட்டையிலேயே போங்கள். ரிமோட்டையும் கேபிளையும் எடுத்துப் போங்கள். ஐபேட் மினி 2021-இலும் ஐபோன் 2023-இலும்தான் யூஎஸ்பி-சிக்கு மாறின, அதற்கு முந்தையவற்றுக்கு வேறு கேபிள் வேண்டும். போனை ரிமோட்டில் மாட்டி, கடை வாசலுக்கு வெளியே வந்து, சூரியனை எதிரே வைத்து நின்று, ஏற்கெனவே எடுத்த ஒரு ட்ரோன் வீடியோவை முழுப் பளிச்சில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பத்தாவது நிமிடமும் முதல் நிமிடம் மாதிரியே முகம் தெரிகிறதா, பொடி எண்கள் படிக்க வருகிறதா, முதுகைத் தொட்டால் கை சுடுகிறதா, கட்டைவிரல் வலிக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே வாசலில் கடைக்காரர் பரிந்துரைக்கும் பதினோரு அங்குலத்தையும் அதேபோல் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வெளியே எடுத்துப்போக அவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.